சிவப்பு லைட்டு எரியும் வரை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் நின்ற போட்டோக்காரரிடம் சொன்னாள்:

“ஒங்க லைட்டு பொசுக்குன்னு எரிஞ்சிருந்தா எங்க குடும்பம் சேந்திருக்காதுண்ணே.”

தோளில் பிளாஷ் பையோடு நின்றவர் விழித்தார்.

“ஒங்க மூத்த மக கல்யாணத்துல எல்லாரையும் காக்க வச்சதுக்கு ஏசுவீகன்னுல்ல நெனச்சேன்! உள்ள கெப்பாசிட்டர்னு ஒண்ணு இருக்கும்மா. அதுல கரண்டு நெறஞ்சாத்தான் வெளிச்சம் அடிக்கும். ரெசிஸ்டர் வழியில நின்னு கரண்டைக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் விடும். மொதல்ல வேகமா ஏறும், நெறையப் போறப்ப நத்தையா ஊரும். நெறஞ்சாத்தான் பின்னால சிவப்பு லைட்டு எரியும்.”

“ஊருனதுதாண்ணே நல்லதாப் போச்சு. எங்க வீட்டுக்காரவுகளும் அவுக அண்ணனும் பேசி வருசக்கணக்காச்சு. போட்டோவுக்காகத்தான் ஒட்டி நின்னாக. சிவப்பு லைட்டு எரியவே இல்ல. நின்னு நின்னு பாத்துட்டு, ‘துண்டு சரிஞ்சிருக்குலே’ன்னு அண்ணனே எடுத்துப் போட்டுவிட்டாக. இவுகளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. நீங்க நல்லா இருக்கணும்.”

போட்டோக்காரர் பையைத் தடவிக்கொண்டார்.

“இனி காக்க வேண்டாம்மா. புது லைட்டு வாங்கப் போறேன். சட்டுன்னு நெறஞ்சிரும்.”

“வாங்கிக்கங்க. ஆனா தையில எங்க சின்னவ கல்யாணத்துக்குப் பழசையே கொண்டாங்கண்ணே. நானும் எங்க நாத்துனாவும் சேந்து நிக்கணும்.”