நூறு வருச ரேசரும் மூணு நாள் தாடியும்

— சித்தத் தள்ளி நில்லு சுபா, வெளிச்சத்த மறைக்கறே.

— என்னங்க இது, சுத்தியலாட்ட இருக்குது?

— சுத்தியலா! ரேசர் அம்மிணி. நூறு வருசம் பழசு. கையில வாங்கிப் பாரு... மெல்ல, மெல்ல.

— யெப்பா... என்னங்க இந்தக் கனம் கனக்குது!

— கனந்தான் வேலையே செய்யுது. அழுத்தவே கூடாதாம். அதுவா எறங்கும், நாம புடிச்சுட்டுப் போனாப் போதும்.

— நேத்து வந்த பார்சல் இதுதானுங்களா? நான் நம்ம கம்பெனிக்குப் பையர் அனுப்புன பனியன் சாம்பிளுன்னு நெனச்சேன்.

— நானே வாங்குனது. வெளிநாட்டுல எவனோ நெட்ல வித்தான். இங்க பாரு, அடியில இந்தத் திருகைத் திருப்புனா...

— அட!

— பாத்தியா! தலை அப்படியே வாயப் பொளக்குது. பிளேட உள்ள தள்ளி மூடிட்டா... கேட்டியா?

— டிக்குங்குது.

— நூறு வருசமா அதே டிக்கு! நம்ம நிட்டிங் மெசினு பத்து வருசத்துல பழைய இரும்புக்குப் போயிருது. இதச் செஞ்சவனோட பேரனே போய்ச் சேந்திருப்பான், இது இன்னமும் கிண்ணுன்னு நிக்குது. நேத்துப் பிரிச்சதுல இருந்து தொடறக்கே கை கூசுது சுபா எனக்கு.

— இதுக்கு முன்னால இதுல சேவ் பண்ணுனது யாருங்க?

— எவனோ ஒரு வெள்ளக்காரன்.

— செத்துட்டானாக்கு?

— பின்ன, இன்னமும் சேவ் பண்ணிட்டா இருப்பான்?

— அய்யோ சாமி! செத்தவன் ரேசர மொகத்துல வெப்பாங்களா? நல்ல காரியத்துக்குப் போற நாளும் அதுவுமா... எடுத்து உள்ள வெய்ங்க.

— கழுவியாச்சு. சோப்பு போட்டு, பழைய டூத் பிரஸ்ல சந்து சந்தாத் தேச்சு, சுடுதண்ணில ஊற வெச்சு, ஸ்பிரிட்ல தொடச்சு...

— இருங்க. சுடுதண்ணி எதுல வெச்சீங்க?

— அது... அடுப்பு மேல இருந்த ஒண்ணுல.

— என்ற பால் காச்சற போசிலயா?

— அத அப்பறம் பேசிக்கலாம்.

— என்னத்தப் பேசறது! காலையில காப்பி சோப்பு நாத்தம் அடிச்சப்பவே நெனச்சேன்!

— நீதான் இப்பெல்லாம் காப்பியே குடிக்கறதில்லியே. உனக்கெப்படித் தெரியும்?

— ...மோந்து பாத்தனுங்க.

— ம். சரி, அந்த பிரஸ்ஸ எடு. நொரை கட்டோணும்.

— இன்னைக்கேவா பண்ணோணும்?

— பின்ன எப்ப? இன்னைக்குத்தானே பூண்டி ஊர்ல உன்ற பெரியப்பன் ஊட்டு நிச்சயம். ஒறம்பரை, சொந்தபந்தம் பூராவும் வரும். மூணு நாள் தாடியோட போய் நின்னா நல்லாவா இருக்கும்?

— நின்னா என்னங்க?

— என்ன என்னங்க? கல்யாணமானவன் தாடி உட்டா நம்மாளுக உட்டுருவாங்களா? பொண்டாட்டி மாசமா இருக்கறா, அதான் மொகத்துல கத்தி வெக்காம இருக்கறான்னு அவங்களே முடிவு பண்ணிருவாங்க. பந்தியில உக்காரறதுக்குள்ள பத்துப் பேரு கேப்பாங்க, "ஊட்டுல விசேசமுங்களா மகுடேஸ்வரன்?"னு.

— கேட்டாக் கேட்டுட்டுப் போறாங்க.

— ஏன் சுபா மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?

— வெயிலுங்க.

— பாத்ரூமுக்குள்ளயா?

— நீங்க நொரையக் கட்டுங்க... இல்லீங்க, கட்டாதீங்க. டிபன் ஆறுது. தின்னுட்டு வந்து...

— இரு, இரு. இதைப் பாரு மொதல்ல. இத்துனூண்டு சோப்பு, ரண்டே சொட்டுத் தண்ணி. சுத்தச் சுத்த...

— ஏனுங்க... தயிராட்டக் கெட்டியாகுதே!

— டப்பா நொரையில பாதி காத்து. இது அப்படியில்ல. கவுத்துனாலும் உழுகாது பாரு.

— வேண்டாம், கவுத்தாதீங்க! ...நெசமாலுமே உழுகல.

— ஒறம்பரைக்கு முன்னால மொகம் கண்ணாடியாட்ட இருக்கப் போகுது.

— மொகத்த அறுத்துட்டுப் பஞ்சு ஒட்டிட்டு வரப் போறீங்க. போன்ல ரேசர் பத்திப் பேசுனானே, அந்த வீடியோக்காரன் என்ன சொன்னான்? மொதல்ல பிளேடு மாட்டாம நாலு நாள் பழகுங்கன்னானா இல்லியா?

— நீ எப்ப வீடியோ பாத்தே?

— ஊடே அதிர்ற மாதிரி வெச்சாக் காதுல உழுகாதுங்களா?

— அது ஒண்ணுந் தெரியாதவனுக்குச் சொன்னது. இருவது வருசமா சேவ் பண்றேன், எனக்கெதுக்குப் பழக்கம்?

— ...அப்பறம், பிளேடு இருக்குதுங்களா?

— அதான் ஆச்சரியம். பார்சல்ல ஒரு பாக்கெட் வந்துச்சு. நேத்து இந்த மேடை மேலதான் வெச்சேன். காணோம். நீ பாத்தியா?

— நானா? நான் எங்கீங்க பாத்தேன்!

— போகுது. கம்பெனில இருந்து ஒண்ணு எடுத்தாந்து, நீ பிரஸ் எடுக்கத் திரும்புனப்ப மாட்டிட்டேன்.

— கம்பெனிலயா? அங்க ஏதுங்க ரேசர் பிளேடு?

— பிரிண்டிங் டேபிள்ல ஒட்டுன பசையச் சொரண்டறமே, அந்த பிளேடு. அளவு அச்சா ஒண்ணேதான் சுபா! ஒரு பக்கம் மட்டும் கூரு, முதுகுல தகடு மடிச்சு... உள்ள போட்டதும் டிக்குன்னு உக்காந்துக்கிச்சு.

— அடக் கடவுளே! அது டேபிள் சொரண்டறதுங்க! கன்னத்துல வெக்கறதா? பிரிண்டிங்ல இருக்கற முனீஸ் போன மாசம் அதுலதான் வெரல அறுத்துட்டு நின்னான். சொரண்டற பிளேடு மொகத்துக்கு ஆகவே ஆகாதுன்னு அந்த வீடியோக்காரன் தலை தலையா அடிச்சுக்கறான்!

— அவன் அப்படித்தான் சொல்லுவான். அவனுக்குப் புது பிளேடு விக்கோணும்.

— கேட்டுக்கங்க. சலூனுக்குப் போங்க... சலூனும் வேண்டாம். எதுவுமே வேண்டாம். இப்படியே வாங்க.

— தாடியோடவா?

— தாடி நல்லாத்தான் இருக்குதுங்க உங்களுக்கு.

— முந்தாநேத்து சோளக்கொல்லை பொம்மையாட்ட இருக்கீங்கன்னே.

— அது முந்தாநேத்து.

— சரி, பேசாத நில்லு. தலைய மொதல்ல கன்னத்துல படுக்க வெக்கோணும். அப்பறம் கைப்புடியச் சித்த கீழ எறக்கோணும். சரியா உழுந்துச்சுன்னா சத்தம் கேக்குமாம்.

— என்ன சத்தம்?

— முடி அறுபடற சத்தம். பொரி திங்கறாப்பல மொறு மொறுன்னு. நூறு வருசத்துக்கு முன்னால அந்த வெள்ளக்காரன் காதுல உழுந்த அதே சத்தம். நெனச்சாலே மேலு சிலிர்க்குதில்ல?

— எனக்கு வேற எதுக்கோ சிலிர்க்குது.

— வெச்சுட்டேன்.

— ஏனுங்க...

— பேசாத, கை ஆடும்.

— வேண்டாமுங்க மாமா.

— ஏன்?

— வேண்டாமுன்னா வேண்டாம்.

— காரணத்தச் சொல்லு. சொல்லலைன்னா இழுக்கறேன் சுபா.

— கத்தி வெக்காதீங்க! மாசமா இருக்கறேன்! டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டேன்... அய்யோ, இழுத்துட்டீங்களே! சொல்லச் சொல்ல இழுத்துப் போட்டீங்களே!

— சுபா... சுபா, இங்க பாரு.

— நான் பாக்க மாட்டேன். எல்லாம் என்னாலதான். மொதல்லயே சொல்லியிருக்கோணும். வாய் வரலீங்க. போன தடவ தாடியோட கம்பெனிக்குப் போனீங்க. கட்டிங் மாஸ்டர்ல இருந்து டீ கொண்டாரவர் வரைக்கும் எத்தன மாசமுன்னு கேட்டாங்க. நானும் பெருமையாச் சிரிச்சுட்டுத் திரிஞ்சேன். மூணாம் மாசம் தங்காமப் போச்சு. அப்பறம் நீங்க மொகத்த வழிச்சுட்டுப் போனீங்க. ஒருத்தரும் ஒண்ணுங் கேக்கல. உங்களப் பாத்தாங்க, தலையக் குனிஞ்சுட்டாங்க. அவங்க அப்படிக் குனிஞ்சத என்னால இன்னமும் தாங்க முடியலீங்க.

— அழுவாத, கண்ணத் தொடை.

— தாடி உட்டா ஊரு கேக்கும். வழிச்சாக் கொழந்தைக்கு ஆகாது. எதச் சொல்றதுன்னு தெரியாமக் கெடந்தேன். பார்சல் வரட்டும், அதுலதான் சேவுன்னு மூணு நாளா நீங்களாவே உட்டுட்டு இருந்தீங்க. சாமியாப் பாத்துத் தள்ளிக் குடுத்துதுன்னு நெனச்சேன். பார்சல்ல ரேசருன்னு தெரிஞ்சுந் தெரியாதவளாட்டக் கேட்டேன். இப்பப் போச்சு... பாதிக் கன்னம் போச்சு...

— தொட்டுப் பாரு.

— மாட்டேன்.

— நொரையத் தொடச்சுட்டேன். கையக் குடு... இந்தா.

— ...குத்துது.

— ம்.

— குத்துதுங்க! அப்படியே இருக்குது! ஒரு முடி கூடப் போகல!

— இழுத்தப்பச் சத்தம் கேட்டுச்சா?

— இல்ல... கேக்கலீங்க.

— இந்தா, நீயே தொறந்து பாரு.

— உள்ள ஒண்ணுமே இல்ல... பிளேடே இல்லீங்க! அடப்பாவி மனுசா! உசுரே போச்சு எனக்கு!

— அடி, வாங்கிக்கறேன். நொரைக் கிண்ணத்த மட்டும் கீழ வெச்சுட்டு அடி.

— உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?

— ஸ்கூட்டில பறக்கறவ திடீர்னு டவுன் பஸ்ல போறே. காப்பிய மோந்து பாத்துட்டு வெச்சர்றே. பப்பாளி வாங்கியாந்தா அப்படியே பக்கத்து ஊட்டுக் கிருத்திகாவுக்குப் போகுது. எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?

— கேக்க வேண்டியதுதானே?

— பயமா இருந்துச்சு சுபா. நாங் கேட்டு, நீ இல்லைன்னு சொல்லீட்டீன்னா... அதத் தாங்கற தெம்பு எனக்கில்ல. சவரத்த நிறுத்துனதுக்குப் பார்சல் காரணமில்ல. பார்சல் ஒரு சாக்கு. கம்பெனி பிளேடு கதையும் நீயாச் சொல்லோணும்னுதான்.

— ...டாக்டரம்மா ஸ்கேன்ல காட்டுனாங்க. அவரைக் கொட்டையளவுதான் இருக்குது. அதுக்குள்ள மினுக் மினுக்குனு ஒண்ணு.

— என்னது?

— நெஞ்சு துடிக்குதுங்க மாமா.

— அத்துனூண்டுக்கா?

— ஆமாங்க. உடாமத் துடிக்குது. வந்து வயித்துல கை வெய்ங்க.

— இரு... கை கூசுது.

— நூறு வருசத்து ரேசரத் தொட்டீங்க, இதத் தொடறக்கென்ன?

— அது வெறும் இரும்பு சுபா.

— ...இன்னைக்கு நிச்சயத்துல கேட்டாங்கன்னா?

— ஆமாங்க, விசேசந்தானுங்கன்னு சொல்லிருவேன்.

— போன தடவையாட்ட ஆயிட்டா?

— ஆகாது. அப்படியே ஆனாலும் உனக்கு முன்னால நான் போய் நிக்கறேன். பாக்கறவங்க என்ற மொகத்தப் பாத்துட்டுப் போகட்டும்.

— ...சரி, வாங்க. டிபன் ஆறியே போச்சு. இந்த ரேசர எங்க வெக்கட்டும்?

— பீரோவுல உன்ற பட்டுச் சேலைக்கு நடுவுல வெய்யி. கொழந்தை பொறந்தப்பறம் மொதச் சவரம் அதுலதான்.

— அன்னைக்கும் கம்பெனி பிளேடுன்னு சொன்னீங்கன்னா கைய ஒடிச்சுப் போடுவேன்.

— அது எதுக்கு? நேத்து நான் தூங்கீட்டேன்னு நெனச்சுட்டு நீ ராகி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சியே ஒரு பிளேடு பாக்கெட், அதுல இருந்து ஒண்ணு எடுத்துக் குடு.