பன்னிரண்டாம் முறை வந்த கடிதம்

ஒரு கொதிகலனைச் சிவப்புப் பேனாவால் வெடிக்க வைத்த ஆள் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"கதை விடாதீங்க மச்சான். சார், இவரு சொல்றத எழுதிக்காதீங்க," என்கிறான் பக்கத்தில் இருக்கும் என் தங்கை கணவன். நான் வேலை பார்த்த ஆலையிலேயே டைப்பிஸ்டாக இருந்தவன்.

இதுதான் என் வாக்குமூலம், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

முதலாளிகள் வெளிநாட்டில். அவர்களுக்குப் போகும் எந்தக் கடிதமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், என் மேஜையைத் தாண்ட வேண்டும். பிழை இருந்தால் வட்டம் போட்டு, எழுதியவரிடமே திருப்புவேன். நானே திருத்திவிட்டால் அவர் எப்போது கற்றுக்கொள்வார்? முப்பத்தொரு வருஷம் என் மேஜையில் ஈகூட இலக்கணம் பார்த்துத்தான் உட்கார்ந்தது.

கொதிகலன் மேஸ்திரி தங்கமான மனிதர். ஆவி வெளியேறும் வால்வு இறுகிப்போய்த் திறக்கவில்லை என்று எழுதி வந்தார். விஷயம் எனக்கு முதல் தடவையே புரிந்தது. ஆனால் 'லுக் இன்டு' வர வேண்டிய இடத்தில் 'லுக் ஆஃப்டர்' இருந்தது. திருப்பினேன். அடுத்த வாரம் 'பிரேக் டவுன்' இருக்க வேண்டிய இடத்தில் 'பிரேக் அப்'. திருப்பினேன். இப்படிப் பதினோரு முறை.

"அதுக்குள்ள வெடிச்சிரும் சார்," என்றார் ஒருநாள்.

"வெடிக்கட்டும்யா, வாக்கியம் சரியா இருக்கணும்," என்றேன். இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

பன்னிரண்டாம் முறை ஒரு பிழை இல்லை. ஐந்து வாக்கியங்கள், கழுவித் துடைத்த மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அனுப்பிவிட மனம் வரவில்லை. மற்ற மேஸ்திரிகளும் பார்த்துக் கற்கட்டும் என்று அறிவிப்புப் பலகையில் மாட்டச் சொன்னேன். நகல் எடுத்திருக்கலாம்தான். அந்தக் கையெழுத்தின் அழகு நகலில் வராது.

பத்தாம் நாள் காலை வெடித்தது. நான்கு பேர். மேஸ்திரியும் அதில் ஒருவர்.

பழுதை அவர் தெரிவிக்கவே இல்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அவர் மனைவி இன்றுவரை, "அவர் எழுதினாருங்க," என்று ஒவ்வோர் அலுவலகமாகப் படியேறுகிறாள். அதற்காகத்தான் வந்தேன். நான் உருவாக்கிய ஒருவர் எழுதவே இல்லை என்று பதிவாகியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இதோ அந்தக் கடிதம். ஒரு பிழை காட்டுங்கள் பார்ப்போம்.

தங்கை கணவன் அதை வாங்கிப் பார்க்கிறான். மூலையில் இருக்கும் ஆணித் துளையை விரலால் தடவுகிறான்.

"நடந்ததுதான் சார்," என்கிறான். "மாட்டுனது நான். ஒன்பது நாளும் போறவன் வர்றவனெல்லாம் நின்னு படிச்சான். வெடிச்ச அன்னிக்குக் கழட்டி இவர் கையில குடுத்ததும் நான்தான்."