பால் காய்ச்சாத வீட்டில் சோப்பு வாசம்

கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வாங்கிய வீட்டுக்கு மறுநாள் சாமான் ஏற்றுவது பற்றித்தான் பேச்சு. பீரோவை முதலில் ஏற்றுவதா, கட்டிலை ஏற்றுவதா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தம்மா சொன்னார்:

"ஏங்க, நம்ம புது வீட்ல யாரோ குளிச்சிருக்காங்க. காலையில போனப்ப பாத்ரூம் ஈரமாக் கெடந்துச்சு."

"பால் காய்ச்சாத வீட்ல யாரு போயி குளிப்பா? பைப்பு ஒழுகியிருக்கும்."

"பைப்புல சோப்பு வாசமுமா ஒழுகும்? வித்தவருகிட்ட இன்னொரு சாவி இருக்கு. சாமான எறக்குறதுக்கு முன்னாடி பூட்ட மாத்துங்க."

"அந்தாளு அப்படிப்பட்டவரு இல்ல."

"அப்ப அவருக்கே போனப் போட்டுக் கேட்டுர்றேன்."

கணவர் பதறி, போனை எடுத்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். சாவிய நான்தான் குடுத்தேன்."

"யாருக்கு?"

"தங்கச்சிக்கு. மாப்ள அடிக்கிறாருன்னு பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துருச்சு. ஒனக்குப் பிடிக்காதோன்னு சொல்லாம இருந்துட்டேன்."

அந்தம்மா முந்திரித் தோப்புகள் கடந்துபோகும்வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டார்.

"செல்வி, அண்ணி பேசுறேன். அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு. நாளைக்கு வண்டி வருது. பயந்துக்கிட்டு எங்கிட்டும் போயிறாத. வாசலத் தெளிச்சு, கதவத் தொறந்து வச்சு, முன்னாடி வந்து நில்லு. பிள்ள சாப்பிட்டுச்சா?"

போனை வைத்ததும் கணவரை நேராகப் பார்த்தார்.

"வேற என்னென்ன மறைச்சிருக்கீங்க? எறங்குறதுக்குள்ள சொல்லிருங்க."