கோட்டுக்கு வெளியே ஒரு வலை

அதிகாரி: நாலு லட்சம்.

படகுக்காரி: எதுக்கு சார்? வலைக்கா, என் வாய்க்கா?

அதிகாரி: வலைக்குத்தான் அக்கா. வாய்க்கு யாராவது விலை போடுவாங்களா...

படகுக்காரி: போட்டிருக்கீங்களே. வலை ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். நங்கூரம் நாப்பதாயிரம். ஆக மொத்தம் ரெண்டரை. நான் கேட்டது அவ்வளவுதான். மிச்சம் ஒன்றரை எங்கேருந்து முளைச்சுது?

கொழுந்தன்: அண்ணி, அவரே குடுக்கறேங்கறார்...

படகுக்காரி: நீ டீயைக் குடி. சாட்சி சொல்லத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன், பேரம் பேச இல்ல.

அதிகாரி: நானும் இந்தக் கேபிள் கம்பெனியில வருஷக்கணக்கா இதே நாற்காலியில உக்காந்திருக்கேன். நஷ்டஈடு கேட்டு வர்றவங்க எல்லாரும் ஏத்திக் கேப்பாங்க, நான் இறக்குவேன். இறக்கிக் கேக்கற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

படகுக்காரி: நானும் மீன் ஏலத்துல பாதி ஆயுசைக் கழிச்சவதான். வாங்கறவர் தானா விலையை ஏத்தறார்னா, கூடைக்குள்ள கையை விட்டுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்.

அதிகாரி: கூடையில ஒண்ணும் இல்ல அக்கா. விதி என்ன சொல்லுது? உங்க வலை கடலடிக் கேபிள்ல மாட்டிக்கிச்சு. இழுத்தா கேபிள் போயிடும்னு வலையையும் நங்கூரத்தையும் அறுத்து விட்டீங்க. கரை சேர்ந்த மறுநாளே ஆள் சாட்சியோட வந்து சொன்னீங்க. கேபிளுக்காக இழந்ததுக்கு நாங்க பணம் குடுத்தாகணும். குடுக்கறோம். சந்தோஷமா குடுக்கறோம்.

படகுக்காரி: அந்தச் சந்தோஷம்தான் உறுத்துது.

அதிகாரி: இங்க ஒரு கையெழுத்துப் போட்டா...

படகுக்காரி: படிச்சுச் சொல்லுங்க. கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன்.

அதிகாரி: வழக்கமான வாசகம்தான். 'மேற்படி வலை, வரைபடத்தில் குறித்துள்ள கேபிள் கோட்டுக்கு உள்ளே...'

படகுக்காரி: நில்லுங்க. உள்ளேயா?

கொழுந்தன்: வெளியே சார். நல்லாவே வெளியே. சுக்கான் பிடிச்சதே நான்தான்.

அதிகாரி: கடல்ல என்ன தம்பி உள்ளே, வெளியே? சுவரா கட்டி வச்சிருக்கு?

படகுக்காரி: சுவர் இல்லதான். ஆனா கோட்டுக்கு உள்ளே வலை இழுத்தா அபராதம்னு ஐஸ் பாக்டரிச் சுவர்ல நோட்டீஸ் ஒட்டினது நீங்கதானே.

அதிகாரி: அந்த அபராதத்தையும் நாங்களே கட்டிடறோம்.

கொழுந்தன்: சார், உங்க வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு யாராவது இருக்காங்களா? இவ்வளவு தாராளமான சம்பந்தம் எங்களுக்கு அமையாது.

படகுக்காரி: டேய்.

கொழுந்தன்: டீதானே, குடிக்கறேன்.

அதிகாரி: ஆமா... வர்ற வழியில துறைமுகத்தைப் பாத்தேன். உங்க படகைக் காணோமே?

படகுக்காரி: பெயின்ட் அடிக்கறாங்க.

கொழுந்தன்: அண்ணி, மணி ஆகுது. பெட்டி மாத்த...

படகுக்காரி: பெட்டியை அப்புறம் பாத்துக்கலாம்.

அதிகாரி: என்ன பெட்டி?

படகுக்காரி: மீன் பெட்டி. நம்ம கணக்குக்கு வாங்க.

அதிகாரி: சரி, அஞ்சு.

படகுக்காரி: ரெண்டரை.

அதிகாரி: அஞ்சரை, அக்கா...

படகுக்காரி: இன்னும் ஒரு படி ஏறினீங்கன்னா நான் ரெண்டுக்கு இறங்கிடுவேன்.

கொழுந்தன்: ஐயோ அண்ணி, அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க.

அதிகாரி: உங்களுக்கு என்னதான் வேணும்?

படகுக்காரி: கோடு. கேபிள் எங்க கிடக்கோ அங்க அந்தக் கோட்டை மாத்திப் போடுங்க. போட்டுட்டு எல்லாப் படகுக்கும் ரேடியோவுல சொல்லுங்க. அவ்வளவுதான்.

அதிகாரி: கோடு போடறது மேலிடத்து வேலை. நான் நஷ்டஈடு பாக்கறவன்.

படகுக்காரி: மேலிடம் ஏன் போடல?

அதிகாரி: அது... தொழில்நுட்ப விஷயம். சொன்னா உங்களுக்கு...

படகுக்காரி: புரியாது. சரி, எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு கேக்கறேன். இந்த சார்ஜர் வயர் ஏன் மேஜை ஓரத்துல இப்படி வளைஞ்சு கிடக்கு?

அதிகாரி: இதுவா? எலி கடிச்சுப் போட்டுது. நடுவுல ஒரு துண்டு வயரை வச்சு ஒட்டினேன். நீளம் கூடிப் போச்சு, அதான் ஓரமா ஒதுக்கி...

படகுக்காரி: சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீங்க? கடலுக்கு அடியிலயும் எலியா சார்?

அதிகாரி: நங்கூரம். போன வருஷம் ஒரு சரக்குக் கப்பல், காத்துல நங்கூரத்தோட இழுபட்டுப் போய்... உங்களுக்குத்தான் தெரியுமே. அறுந்த ரெண்டு முனையையும் மேலே தூக்கினா ஒண்ணுக்கொண்ணு எட்டாது. நடுவுல துண்டு வச்சுத்தான் ஒட்டணும். ஒட்டிக் கீழே இறக்கறப்போ நீளம் மிஞ்சும். அதை ஒரு பக்கமா வளைச்சுப் போட்டுடுவாங்க.

படகுக்காரி: எந்தப் பக்கமா?

அதிகாரி: கோட்டுக்கு வெளியே... இதை நான் சொல்லல.

படகுக்காரி: நீங்க எங்க சொன்னீங்க? நாம சார்ஜரைப் பத்தித்தானே பேசிட்டிருக்கோம்.

அதிகாரி: ஒவ்வொரு ரிப்பேருக்கும் புது இடத்தைக் காட்டியாகணும்னு எங்க உரிமத்துலயே இருக்கு. காட்டினா தடை எல்லை அகலமாகும். எல்லை அகலமானா நீங்க மீன் பிடிக்கற இடம் குறையும், ஒவ்வொரு படகுக்கும் ஈடு குடுக்கணும். மழைக்காலம் முடியட்டும், பாக்கலாம்னாங்க.

கொழுந்தன்: எந்த மழைக்காலம் சார்?

அதிகாரி: போனது.

படகுக்காரி: இப்ப திடீர்னு என் கையெழுத்துக்கு என்ன அவசரம்?

அதிகாரி: அடுத்த வாரம் உரிமம் குடுக்கற ஆபீஸ்லேருந்து சோதனைக்கு வர்றாங்க. கேபிள்ல மாட்டின வலை கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயான்னுதான் முதல்ல கேப்பாங்க. உள்ளேன்னா உங்க தப்பு. வெளியேன்னா...

படகுக்காரி: புரிஞ்சுது. இப்ப நான் ஒரு கணக்கு சொல்றேன், கேளுங்க. நாளன்னைக்குப் பெரிய இழுவைப் படகுங்க எல்லாம் கடல்ல இறங்குது. வலைவாயில இரும்புப் பலகை கட்டி இழுக்கறவங்க. என் வலை எடை இல்லாதது, இழுக்கறப்பவே அடியில கேபிள்னு எனக்குத் தெரிஞ்சுது, அறுத்துட்டேன். அவங்க வலை மாட்டினா பாறைன்னு நினைச்சு எஞ்சினை முடுக்குவாங்க.

அதிகாரி: தெரியும்.

படகுக்காரி: கேபிள் போகும். அறுத்தவன்னு ஒருத்தனைப் பிடிச்சு உள்ளே வைப்பீங்க. உங்க வரைபடத்தைப் பாத்து, கோட்டுக்கு வெளியே, ஒழுங்கா மீன் பிடிச்சவனை.

அதிகாரி: அப்படி நடக்கணும்னு யாரும்...

படகுக்காரி: போன தடவை கேபிள் அறுந்தப்போ ஒன்பது நாள் இந்தத் தீவுல போன் இல்ல, நெட் இல்ல. ஞாபகம் இருக்கா?

அதிகாரி: மறக்குமா? ஜனங்க இந்த ஆபீஸ் கண்ணாடியை உடைச்சாங்க.

படகுக்காரி: அந்த ஒன்பது நாள்ல என் தங்கச்சிக்குப் பிரசவம். ஸ்கேன்ல என்னமோ சரியில்லைன்னு இங்க இருந்த டாக்டருக்குச் சந்தேகம். பாத்துச் சொல்ல வேண்டிய பெரிய டாக்டர் அந்தக் கரையில உக்காந்திருந்தார். படம் இந்தக் கரையிலயே கிடந்துது.

அதிகாரி: குழந்தை...

படகுக்காரி: இருக்கு. என் வீட்டுலதான் வளருது. அவதான் இல்ல.

அதிகாரி: இவ்வளவு நேரம் பேசினோம். சொல்லவே இல்லையே அக்கா.

படகுக்காரி: சொன்னா அதுக்கும் ஒரு விலை போடுவீங்க. அதான்.

கொழுந்தன்: சார், எதைக் கிழிக்கறீங்க?

அதிகாரி: வழக்கமான வாசகத்தை.

படகுக்காரி: அதைக் கிழிச்சா கோடு நகர்ந்துடாது.

அதிகாரி: தெரியும். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். நிஜத்தைச் சொல்லணும். படகு எங்க?

படகுக்காரி: பெயின்ட் அடிக்கறாங்கன்னு சொன்னேனே.

அதிகாரி: அக்கா... படகு எங்க இருக்குன்னு காட்டறதுக்கு உங்களுக்கு ஒரு பெட்டி குடுத்தோமே, அதோட புள்ளி மூணு நாளா என் ஸ்கிரீன்ல ஒரே இடத்தைச் சுத்திக்கிட்டிருக்கு. அந்த வளைவுக்கு நேர் மேலே. அதைப் பாத்துட்டு மத்த படகெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போகுது.

கொழுந்தன்: டீ ஆறிப் போச்சு அண்ணி.

படகுக்காரி: ஆறினதையே குடி. ஏன் சார், கேபிளுக்கு மேலே ஒரு படகு ரொம்ப நேரம் நின்னா நாசவேலைன்னு ரோந்துப் படகை அனுப்புவீங்களாமே. நீங்க ஏன் புகார் குடுக்கல?

அதிகாரி: என்னன்னு குடுக்க? கேபிளே இல்லாத இடத்துல ஒரு படகு நிக்குதுன்னா?

கொழுந்தன்: அதானே. நல்லா மாட்டினீங்க சார், எங்க வலை மாதிரியே.

அதிகாரி: மேலிடத்துல கேட்டாங்க, அது என்ன புள்ளின்னு. மிதவைன்னேன்.

படகுக்காரி: நம்பிட்டாங்களா?

அதிகாரி: மிதவை இப்படிச் சுத்துமான்னாங்க. காத்து ஜாஸ்தின்னேன்.

படகுக்காரி: அப்போ மூணு நாளா உங்களுக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே லட்சம் லட்சமா ஏத்திட்டிருந்தீங்க.

அதிகாரி: ஏத்தச் சொன்னாங்க, ஏத்தினேன். ஒவ்வொரு தடவையும், இவங்க வாங்கிக்கக் கூடாதேன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். வாங்கியிருந்தா, பேசாம எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அதையும் ஒத்துக்கறேன்.

படகுக்காரி: இப்ப?

அதிகாரி: புது இடத்தோட வரைபடம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. ரிப்பேர் கப்பல்காரங்க அன்னைக்கே அனுப்பிட்டாங்க. உரிம ஆபீஸுக்கும் துறைமுக ரேடியோவுக்கும் அனுப்ப வேண்டியதுதான். அனுப்பினா என் நாற்காலி போகும்.

படகுக்காரி: போனா ஏலக்கூடத்துக்கு வாங்க. தானா விலையை ஏத்தி விடற ஆளுக்கு அங்க நல்ல கிராக்கி.

அதிகாரி: சிரிக்காதீங்க அக்கா, இதை அமுக்க மனசு வரல.

படகுக்காரி: எனக்கும்தான் மனசு வரல, கத்தியை எடுத்தப்போ. ரெண்டு லட்சத்து வலை. மனசு வரலைன்னா என்ன, அறுக்கத்தானே செஞ்சேன்.

அதிகாரி: இதோ, அமுக்கறேன்.

கொழுந்தன்: என்ன சார் ஆச்சு?

அதிகாரி: போயிடுச்சு. ரெண்டு இடத்துக்கும். சாயங்காலம் வானிலை வாசிக்கறதுக்கு முன்னாடி இதை வாசிச்சாகணும், அது சட்டம்.

படகுக்காரி: வாசிக்கட்டும். காதால கேட்ட பிறகுதான் நம்புவேன்.

அதிகாரி: கேளுங்க. ஆனா அதுக்கப்புறமாவது படகைக் கரைக்குக் கூப்பிடுங்க. காவல் நின்ன டீசலுக்கும் ஒரு தொகை எழுதப் பாக்கறேன், விதியில இல்லைன்னாலும். ஒரு படகு, மூணு நாள்...

படகுக்காரி: என் படகு ஐஸ் பாக்டரிக்குப் பின்னாடி நிஜமாவே பெயின்ட் காய்ஞ்சுக்கிட்டு நிக்குது தம்பி, நான் பொய் சொல்லல. கடல்ல சுத்தறது என் பெட்டி மட்டும்தான். எல்லாப் படகுக்கும் பெட்டி தர்றோம்னு சொன்னீங்க, எங்க துறைக்கு வந்தது அது ஒண்ணுதான். அதை நாலு படகுக்காரங்க முறை போட்டு, கை மாத்திக் கை மாத்தி, உங்க கேபிள் மேல நின்னுக்கிட்டிருக்காங்க. சரியா எழுதிக்கோங்க. வலை, நங்கூரம், ரெண்டரை லட்சம்: தீர்ந்துது. நாலு படகு, மூணு நாள், ஒருத்தர் வலையும் நனையல: அது பாக்கி.