பின்சுவரை ஒட்டிய பாத்தி

மரக்காணத்தில் இரும்புச் சாமான் வாங்குகிறவன் ஏமாளி, ஐயா. ஜன்னல் கம்பி, பீரோக் கீல், பூட்டு என்று உப்புக் காற்று ஒன்றையும் விட்டுவைக்காது. என் வீடு ஊருக்கு வெளியே, கரண்ட் லைனில் கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்சுவரை ஒட்டியே உப்புப் பாத்தி ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்ததற்கு என்னைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. மகள் கேட்டாள், வாங்கினேன். பெண்டாட்டி இல்லாதவனால் மகள் கேட்பதைத் தட்ட முடியாது.

சத்யப்ரியாவுக்கு அது கடைசி வருஷப் படிப்பு. புராஜெக்ட் ஒன்றைச் செய்து சித்திரைக்குள் கொடுத்தாக வேண்டும். பொங்கல் முடிந்த கையோடு கம்ப்யூட்டர் கோளாறு பண்ண ஆரம்பித்தது. அவள் அடித்துக்கொண்டே இருப்பாள். திரை பொசுக்கென்று கறுத்துவிடும். யாரும் தொடாமலே மறுபடி தானாக எரியும். அவள் அதுவரை செய்த வேலை மட்டும் இருக்காது.

முதலில் "மறுபடியும் போயிடுச்சுப்பா" என்று சிரித்தாள். அப்புறம் அழுதாள். அதற்கப்புறம் அழுகையும் இல்லை. பேசாமல் எழுந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். எனக்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தம்தான் பயம். அவள் அம்மாவும் அப்படிப் போட்டுக்கொள்கிறவள்தான். ஒருநாள் நான் கதவை உடைக்க வேண்டியிருந்தது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் வரிசையாகச் சொல்லிப் பழகிவிட்டது.

திண்டிவனத்திலிருந்து ராஜவேல் என்ற மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே போர்டு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. "இன்னா சார், இதுக்குள்ளயே உப்பு விளையுது" என்றார். பிரஷ்ஷால் துடைத்தார். மெமரியைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். பவர் சப்ளையை மாற்றினார். வைரஸ் என்றார், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியதாம். வீட்டுக்கு வந்த அன்றே திரை கறுத்தது. கடைசியில் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"பெட்டில ஒண்ணும் இல்ல சார். உங்க கம்பத்துல நியூட்ரல் ஜாயிண்ட்டு அரிச்சிருக்குது. காத்தடிச்சா தொடுது, விடுது. ஈ.பி. ஆபீஸ்ல கம்ப்ளைண்ட் குடுங்க, வந்து சரி பண்ணிடுவாங்க."

கொடுத்திருக்கலாம். வந்தும் இருப்பார்கள். ஆனால் அன்று மத்தியானம் தாழ்ப்பாள் போட்ட சத்யா பொழுது சாயும்வரை திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "தூங்கிட்டேம்பா" என்று ஒருவழியாக வெளியே வந்தாள். இனி யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. கரண்ட் ஒரு கம்பியில் வந்து இன்னொரு கம்பியில் திரும்ப வேண்டும். திரும்புகிற அந்த நியூட்ரல் கம்பி கெட்டுப்போனால், மண்ணில் ஓர் இரும்புக் குழாயை இறக்கி அதன் வழியாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். செய்யக் கூடாதது, ஆனால் செய்வார்கள். மற்ற ஊர்களில் மண் சரியாக இழுக்காது, குழாயைச் சுற்றி உப்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக்கும் தண்ணீருக்கும் நான் எங்கே போக வேண்டும்? பாத்தியில் ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்சுவருக்கு அந்தப் பக்கம் மூலையில் குழாயை இறக்கினேன். ஒயரை வரப்புக்குள் புதைத்தேன். மெயின் சுவிட்சைப் போட்டேன்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் நிற்கவில்லை. சத்யா அறைக்குள் போனாலும் கதவைத் திறந்தே வைத்தாள். என்ன செய்தேன் என்று சொல்லாமல் ராஜவேலுக்குப் போன் செய்தேன். "ஓடுற சிஸ்டத்துல கைய வைக்காதீங்க சார். ஓடுதா, உட்டுடுங்க" என்றார். நல்ல யோசனையாகப் பட்டது.

உப்பு வாருகிற பெண்கள் வெறுங்காலோடு பாத்தியில் இறங்குகிறவர்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. மாசி மாதத்தில் அவர்களில் மூத்தவளான குப்பம்மாள் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தபோது, "அந்த மூலப் பாத்தில எறங்குனா காலு விர்ருனு இழுக்குது சார்" என்றாள். வெயிலாக இருக்கும் என்றேன். அவள் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நானே ஒரு காலை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அதன்பிறகு அந்தப் பக்கம் ரப்பர் செருப்போடுதான் போவேன்.

அவர்கள் பயம் வேறு மாதிரி வளர்ந்தது. டிசம்பரில் சுனாமி வந்து போய் அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அலையில் போனவர்கள்தான் மண்ணுக்கடியில் வந்து காலைப் பிடிக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பட்டப்பகலில்கூட அந்த மூலைக்குத் தனியாக வர மாட்டார்கள். ஒருத்தி காய்ச்சலில் படுத்துப் பிதற்றினாள். மேஸ்திரி கலியபெருமாள் அங்கே கற்பூரம் கொளுத்தி எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டார். தேங்காய் நான் வாங்கிக் கொடுத்தேன். பூஜை நடக்கும்போது மெயினை அணைத்து வைத்திருந்தேன், அதனால் அன்று யார் காலையும் எதுவும் பிடிக்கவில்லை. அவர்கள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் சத்யா உட்கார்ந்தபோது மறுபடி போட்டேன்.

மறுநாள் மறுபடி கால் இழுத்தது. அதன்பிறகு அந்தப் பாத்தியில் இறங்க ஒருத்தியும் தயாராக இல்லை. பொன்னி மட்டும் இறங்கினாள். மீனவக் குப்பத்துப் பெண், புருஷனை அலைக்குப் பறிகொடுத்துவிட்டு உப்பு வார வந்தவள். அவர்கள் பேசுவது பின்ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும்.

"ஏ பொன்னி, மேல வாடி. வேணாம்" என்றாள் குப்பம்மாள்.

"அவருதாங்க்கா. காலத் தொட்டுப் பாக்குறாரு. நான் இன்னாத்துக்குப் பயப்படணும்?"

அப்புறம் தினமும் அவள்தான். குனிந்து வாரிக்கொண்டே, பிள்ளைகள் சாப்பிட்டது, கூரை மாற்றியது என்று காலடியைப் பார்த்து மெல்லப் பேசிக்கொண்டிருப்பாள். கேட்கப் பொறுக்காமல் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். குழாயைப் பிடுங்கிவிடலாம் என்று ஓரிரு முறை மண்வெட்டியோடு போனதும் உண்டு. பிடுங்கினால் அவளுக்கிருந்த அந்த ஒரு ஆறுதலும் போய்விடுமே என்று திரும்பி வந்துவிட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

வைகாசி வாக்கில் கலியபெருமாள் வாசலில் வந்து நின்றார். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க ஊட்ல எர்த்து கிர்த்து எதுனா லீக் ஆவுதா?" என்று தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். உள்ளே கம்ப்யூட்டர் ஓடுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். "என் வீட்டில் எர்த்தே கிடையாதே, மேஸ்திரி" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். வரப்பில் மண் கரைந்து ஒயர் தெரிந்த இடத்தை அன்றைக்கே மூடிவிட்டேன்.

ஆடிக்குள் குழாயோடு ஒயர் சேர்ந்த முனை அரித்துக் கழன்று தண்ணீரில் கிடந்திருக்கிறது. அதை வெளியே எடுத்தால், திரும்ப வேண்டிய கரண்ட்டெல்லாம் எடுத்தவர் உடம்பு வழியாகத்தான் போகும். அன்று காலை பொன்னியின் உப்பு வாரும் பலகையில் மாட்டி அது மேலே வந்ததையும், ஒதுக்கிப் போட அவள் கையில் எடுத்ததையும் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். நான் அப்போது கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன்.

எனக்குத் தெரிந்தது, திரை கறுத்தது. பல மாதங்களில் முதல் தடவை. பிறகு தானாக எரிந்தது. ஒயர் மேலே வந்து மறுபடி தண்ணீரில் விழுந்திருக்கிறது, பாத்தியில் ஆள் இருக்கும் நேரம் அது என்பது புரிய எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. வெளியே கூச்சல். தூக்கப் போனவர்கள் காலை உதறிக்கொண்டு வரப்பில் ஏறினார்கள். குப்பம்மாள் ஓடி வந்து பின்ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கரண்ட்டு சார். பொன்னி சார். மெயின ஆஃப் பண்ணுங்க. கை அசையுது சார், உசுரு இருக்குது."

மெயின் சுவிட்ச் என் நாற்காலியிலிருந்து கை எட்டுகிற தூரம். ஆனால் திரையில் நீல நிறத்தில் டிஸ்க் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. முறையாக அணைக்காமல் நின்றுபோனால் அது தானாக ஓடும். ஓடும்போது மட்டும் கரண்ட்டை நிறுத்தவே கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று சத்யா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் மெதுவாகத்தான் ஏறியது. குப்பம்மாள் கும்பிட்டாள். "இரும்மா, ஒரு நிமிஷம்" என்று சொன்னதாக ஞாபகம். நூறு வந்தது. விண்டோஸ் வந்தது. முறைப்படி ஷட் டவுன் கொடுத்து, திரை அணைந்த பிறகு எழுந்து மெயினை இறக்கினேன். அப்போது வெளியே யாரும் கத்தவில்லை.

அப்படி அதற்குள் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். சத்யா சித்திரையிலேயே புராஜெக்ட்டைக் கொடுத்துவிட்டாள். வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோது தன்னுடையதையெல்லாம் சிடியில் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட்டாள். ஆடியில் நான் மட்டும்தான் வீட்டில் இருந்தேன். சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் செய்தது நான்தான், தெரிந்துதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்று எழுதும் இடத்தில் மட்டும், மகளுக்காக என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.