அப்பாவை வெளியே அனுப்பிய பிள்ளை

பேச்சைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, என் கண்ணால் பார்த்த ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பின்வரிசை அக்காமார்களே, கேட்கிறதா?... சரி.

திருச்சியில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, வெள்ளைக் கோடு போடுவது என் வேலை. அங்கே மிருதுளா என்று ஒரு பிள்ளை ஆட வருவாள். பதிமூன்று வயது. மாவட்டத்தில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. "இது பெரிய ஆளா வரும் பாருங்க" என்று சொல்லாத வாய் கிடையாது.

அவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவளுடைய அப்பா கனகசபாபதி. நிலம் அளக்கிற சர்வேயர். ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லக் கூடாது, அது விதி. இவர் வாயைத் திறந்தால்தானே? நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வேலியோரம் உட்காருவார். தொப்பியை முன்னால் இழுத்தால், மெல்லத் தட்டு. பின்னால் தள்ளினால், ஓங்கி அடி. கழற்றினால், வலைக்கு ஓடு. பிள்ளை ஒரு கண்ணால் பந்தைப் பார்ப்பாள். இன்னொரு கண்ணால்?... தொப்பியை!

ஒருநாள் பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டி. ஜெயித்தால் மாநில அணியில் இடம். இடம் ஒன்றே ஒன்று. அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். எதிரே கோயம்புத்தூர்ப் பிள்ளை. முதல் செட் இவளுக்கு, இரண்டாவது அவளுக்கு. மூன்றாவதில் நாலுக்கு நாலு.

அப்போது ஒரு பந்து வந்தது பாருங்கள்... பூப்போல, உயரமாக, மெதுவாக. நீங்களும் நானும்கூட அடிப்போம். மிருதுளா என்ன செய்தாள்? அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அந்த நேரம் பார்த்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பந்து அவள் தோளைத் தாண்டிப் போய் விழுந்தது.

கோயம்புத்தூர்க் கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்: "ஏம்மா, பந்து அங்க இல்ல, இங்க இருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள்.

பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. நேரே நடுவரிடம் போனாள்.

"சார், அந்த நீலத் தொப்பிக்காரரை வெளியே அனுப்புங்க. எனக்குச் சைகை காட்டுறார்."

"யாரும்மா அவரு?"

"எங்கப்பா."

நடுவர் வாசலைக் காட்டினார்... அப்பா எழுந்து வெளியே வந்தார். வாசலில் நான். எனக்கு உள்ளே தெரிகிறது; அவருக்கு மதில் மறைக்கிறது, சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

"பெரியவரே, உள்ள என்ன நடக்குது? எங்க அடிக்கிறா?"

"அவளுக்குத் தோணுற இடத்துல அடிக்குது சார்."

ஐந்துக்கு ஐந்து வந்தது. அடுத்து ஐந்துக்கு ஆறு. கடைசிப் பந்துக்கு, யாரும் சொல்லாமல், வலையை நோக்கி ஓடினாள். அடித்தாள். பந்து வலையின் உச்சியில் பட்டது... இந்தப் பக்கமே விழுந்தது. போச்சு. மாநில அணி போச்சு.

அப்பா உள்ளே ஓடினார். "ஏம்மா முன்னால ஓடின?"

"தோணுச்சுப்பா."

"தப்பாப் போச்சே, பாப்பா!"

"ஆமாப்பா. என் தப்பு."

கண்ணில் தண்ணீர் நிற்கிறது. ஆனால் 'என் தப்பு' என்று சொன்னபோது அவள் நின்ற நிமிர்வு இருக்கிறதே... கோப்பை வாங்கியபோதெல்லாம் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கும் அது தெரிந்தது. அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

இதை ஏன் நாம் எழுதப் படிக்கக் கற்கிற இந்த முதியோர் பள்ளியில் வந்து சொல்கிறேன்? நாம் இத்தனை வருஷம் யாரைத் திரும்பிப் பார்த்தோம்? பஸ் வந்தால் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தோம். பேங்குக்குப் போனால், "தம்பி, இதை எழுதிக் குடு" என்று ஒரு முகத்தைத் தேடினோம். ஞாயிற்றுக்கிழமை நமக்குப் பரீட்சை. இப்போதே சிலர் பேசி வைத்திருக்கிறீர்கள், யார் யாரைப் பார்த்து எழுதுவது என்று. எனக்குத் தெரியும், சிரிக்காதீர்கள்! என்னிடமும் ஒருவர் கேட்டார்.

வேண்டாம், ஐயா. வேண்டாம், தாயி. தப்பாக எழுதினால் டீச்சரம்மா சிவப்பு மையில் சுழிப்பார்கள். சுழிக்கட்டுமே! அறுபது வருஷமாக நம் பெயரைக்கூடத் தப்பாக எழுதியது யார்?... அடுத்தவர்கள். இந்த ஒரு தடவை, அந்தத் தப்பையாவது நம் கையால் செய்வோம்.