அப்டேட் கை வைக்காத இடம்

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா நான் எழுந்து போயிடுவேன்னு கணக்குப் போடாதீங்க அண்ணே. ஜன்னல்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு, எதிர் பில்டிங்கோட ஏசி பெட்டிங்கதான். இப்படித் திரும்புங்க. நான் சொல்ல வந்ததுல பாதிதான் சொல்லியிருக்கேன்.

ஆமா, உங்க காதுல விழுந்தது சரிதான். நம்ம சண்டையில நான் ஜெயிச்சுட்டேன். நீங்க படுத்துக்கிட்டிருக்கற நேரமாப் பாத்து ஜெயிச்சுட்டாள்னு ஆபீஸ்ல பேசுவாங்க. பேசட்டுமே. ஆள் இல்லாத கோல்போஸ்ட்ல அடிச்சாலும் கோல் கோல்தானே.

பாருங்க, பேச்சுதான் இன்னும் வரல, வலது கை இன்னும் தூங்குது, ஆனா முறைக்கறதுக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல. பக்கவாதம் உங்க கண்ணுகிட்ட வந்து, இந்தாளு வேண்டாம்டா சாமின்னு திரும்பிப் போயிருக்கும்.

அண்ணி வெளிய வராந்தாவுலதான் இருக்காங்க. நான்தான் கொஞ்சம் காலாற நடங்கன்னு அனுப்பி வெச்சேன். வாய் பேசாத மனுஷன் முகத்தையே நாள் பூரா பாத்துக்கிட்டிருந்தா அவங்களுக்கும் எப்படி இருக்கும். நீங்க பேசினப்பவே அவங்களுக்குக் கஷ்டம்தான், அது வேற விஷயம்.

என்ன ஐயா? இல்ல இல்ல, நீங்க தூங்குங்க, சத்தமாப் பேசிட்டேனா? ஓ, என்ன சண்டைன்னு கேக்கறீங்களா. பக்கத்துக் கட்டில்காரருக்கு இருக்கற அக்கறையாவது உங்களுக்கு இருக்கா அண்ணே? சொல்றேங்க ஐயா. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ். இங்க இருக்கற லைப்ரரி கம்ப்யூட்டருக்கெல்லாம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தயார் பண்ணிக் குடுக்கறோம். மெஷினை ஆன் பண்ணா என்ன நடக்கணும், லைப்ரரி மூடற நேரம் வந்தா என்ன நடக்கணும், இதையெல்லாம் சின்னச் சின்ன ஸ்கிரிப்டா எழுதி வெச்சிருப்போம். அஞ்சாறு வரிக் கட்டளைதான். லைப்ரரிக்காரங்க அவங்கவங்க வசதிக்கு அதை மாத்திக்கலாம். இதை எந்த ஃபோல்டர்ல வைக்கறது? அதான் ஐயா சண்டை.

சிரிக்காதீங்க. இதுக்காக இவர் போட்ட காபியை நானும், நான் போட்ட காபியை இவரும் தொடாம மாசக்கணக்கா இருந்திருக்கோம்.

ரெண்டு ஃபோல்டர் இருக்கு ஐயா. யூஎஸ்ஆர்னு ஒண்ணு. அது நாங்க அனுப்பற சரக்கு இருக்கற இடம். புது அப்டேட் வந்தா, அங்க இருக்கற பழசைத் தூக்கிட்டுப் புதுசை வெச்சுடும், யாரையும் கேக்காது. இன்னொண்ணு எட்சி. அது அந்த மெஷினை வெச்சிருக்கறவங்களோட செட்டிங்ஸ் இருக்கற இடம். அவங்க மாத்தி வெச்சதுல அப்டேட் கை வைக்காது. நான் என்ன சொல்றேன்? ஸ்கிரிப்ட் ஓடுது. ஓடறதுன்னா ப்ரோக்ராம். ப்ரோக்ராமுக்கு இடம் யூஎஸ்ஆர். முடிஞ்சது கதை. இவர் என்ன சொல்லுவார்? அது ஓடுதா உக்காந்திருக்கான்னு பாக்காதே, அதுல யார் கை வைக்கப் போறாங்கன்னு பாரு. நாம மாத்தறது யூஎஸ்ஆர், அவங்க மாத்தறது எட்சி.

அந்த மீட்டிங் ஞாபகம் இருக்கா அண்ணே? போர்டுல எழுதிக்கிட்டே இருந்தீங்க, மார்க்கர்ல மை தீந்து போச்சு. அது கூடத் தெரியாம வெறும் போர்டுல கோடு போட்டுக்கிட்டே கத்தினீங்க. மேனேஜர் தண்ணி குடிக்கப் போறேன்னு எழுந்து போனவர் திரும்பி வரவே இல்ல. என்னைப் பாத்துக் கேட்டீங்களே, அம்மா தாயே, உன் வீட்டு அலமாரியை வீட்டு ஓனர் வந்து வந்து அவர் இஷ்டத்துக்கு அடுக்கி வெச்சா ஒத்துப்பியான்னு. நல்லா அடுக்குவார்னா வரட்டும், எனக்கு ஒரு வேலை மிச்சம்னு சொன்னேன். அப்ப உங்க முகம் போன போக்கை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது.

அப்புறம் ஐயா, ஒரு நாள் காலையில பல் தேய்ச்சுக்கிட்டிருந்தவர் பாத்ரூம்ல விழுந்துட்டார்னு அண்ணி போன் பண்ணாங்க. அந்த வாரமே அப்டேட் போக வேண்டியிருந்துச்சு. சோதனைக்கு ஒரே ஒரு லைப்ரரிக்கு மட்டும் அனுப்பினோம். ஸ்கிரிப்ட் எல்லாம் யூஎஸ்ஆர்லயே. வேற யார் இருக்கா தடுக்க.

இருங்க அண்ணே, அதுக்குள்ள ஏன் தலையை ஆட்டறீங்க? முழுசாக் கேளுங்க.

அந்த லைப்ரரியைப் பாத்துக்கற அம்மா சும்மா இருக்கறவங்க இல்ல. ஆன் பண்ணதும் ஓடற ஸ்கிரிப்டுல நாலு வரி சேத்து வெச்சிருந்திருக்காங்க. மெஷின் எழுந்திருக்கும்போதே எழுத்தெல்லாம் பெருசாத்தான் வரும். அங்க காலையில வர்றவங்க எல்லாம் ரிட்டயர்டு ஆளுங்க. அப்டேட் போச்சு, அந்த நாலு வரி காணோம். அந்தம்மா போன் பண்ணி, எங்க எழுத்தை என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க. நேர்லயே போனேன். ஒரு பெரியவர் மூக்கு திரையில ஒட்டற அளவுக்குக் குனிஞ்சு, பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். ஒரு வரி படிப்பார், நிமிந்து இடுப்பைப் பிடிச்சுப்பார், மறுபடி குனிவார்.

பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணே. ஓடறதுன்னா யூஎஸ்ஆர். அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன், ஒவ்வொரு அப்டேட்டுக்கு அப்புறமும் அந்த நாலு வரியைத் திரும்ப எழுதிக்குங்க, கைக்கு ஒரு பயிற்சியாவும் இருக்கும்னு.

கட்டில் கம்பியைத் தட்டினா நர்ஸ் வந்துடுவாங்க, தட்டாதீங்க.

என்ன, எழுதிக் காட்டணுமா? இடது கையிலயா? பேனா எல்லாம் குடுக்க மாட்டேன். மனசுல இருக்கறதை வாயால சொல்லுங்க. சொல்ல வரலைன்னா நான் சொல்றதுதான் சட்டம்.

அடுத்து என்ன பண்ணேன்னு கேளுங்க. அப்டேட் வர்றதுக்கு முன்னாடி திரையில ஒரு பெட்டி வரும். உங்க மாற்றமெல்லாம் அழிஞ்சுடும், சம்மதமான்னு கேக்கும். கீழ ஒரு பட்டன், சம்மதம். வேண்டாம்னு சொல்ல பட்டன் வைக்கல. எதுக்கு அவங்களைக் குழப்பிக்கிட்டு.

மூச்சை நல்லா விடுங்க. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. இன்னும் ஒரே ஒரு விஷயந்தான் பாக்கி.

யூஎஸ்ஆர்ல லைப்ரரிக்காரங்க எழுத முடியலைன்னு புகார் வந்துச்சு, பாஸ்வேர்டு கேக்குதாம். அதனால என்ன பண்ணேன், அந்த ஃபோல்டரையே எல்லாருக்கும் திறந்து விட்டுட்டேன். மொத்தமா. பாஸ்வேர்டே கிடையாது. பேப்பர் படிக்க வர்றவர், வெயிலுக்கு ஒதுங்க வர்றவர், யார் வேணும்னாலும் உள்ள போய் எந்த ப்ரோக்ராமை வேணும்னாலும் மாத்திக்கலாம். அம்சமா இருக்கு. இனிமே நம்ம எல்லா மெஷினுக்கும் இப்படியே பண்ணிடலாம்னு...

என்ன?

என்ன சொன்னீங்க?

இல்ல, இருமல் இல்ல, நீங்க ஏதோ சொன்னீங்க. ஐயா, நீங்களும் கேட்டீங்கல்ல? அவசரப்படாதீங்க அண்ணே. உதடு சேருது பாருங்க, அப்படியே, மெதுவா.

தப்பு.

தப்புதானே சொன்னீங்க? அண்ணி. அண்ணி, உள்ள வாங்க. ஒண்ணும் பயப்படாதீங்க, ஓடாதீங்க, தரை வழுக்குது. இங்க வந்து கையைப் பிடிங்க. பேசிட்டார். நான் பண்ணது தப்பாம். அழாதீங்க அண்ணி, நீங்க அழுதா அவர் நிறுத்திடுவார். அண்ணே, அண்ணியைப் பாத்துச் சொல்லுங்க. நான் பண்ணது என்ன?

கேட்டுச்சா அண்ணி? இப்ப இன்னும் தெளிவா வந்துச்சு.

என்னை எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு டீச்சர் வர்றாங்கல்ல, அவங்கதான் அண்ணிகிட்ட கேட்டாங்களாம், இவர் எதைக் கேட்டா பதில் சொல்லாம இருக்கவே மாட்டார்னு. அண்ணி பாவம், ரொம்ப யோசிச்சிருக்காங்க. வீட்டுல எது சொன்னாலும் சரி சரின்னு போற ஆளாச்சே நீங்க. அப்புறம் எனக்கு போன் பண்ணி, அந்த ஃபோல்டர் சண்டைக்குக் கொஞ்சம் வர்றியாம்மான்னு கூப்பிட்டாங்க.

ஸ்கிரிப்ட் எல்லாம் எட்சிலதான் இருக்கு அண்ணே. அந்தப் பெரியவர் குனிஞ்சு படிச்சதைப் பாத்துட்டு வந்த அன்னிக்கே நான்தான் மாத்தினேன். அந்தம்மாவோட நாலு வரியும் அங்க பத்திரமா இருக்கு, அதுக்கப்புறம் ரெண்டு அப்டேட் போயாச்சு. பெட்டியும் இல்ல, பட்டனும் இல்ல, எந்தக் கதவையும் நான் திறந்து விடல. நீங்க சொன்னதுதான் சரி. இதை ஆபீஸ்ல வந்து சொல்ல மாட்டேன், இங்கயே கேட்டுக்குங்க.

இவ்ளோ நேரம் பொய் சொன்னதுக்குத் திட்டணும்னா திட்டுங்க. ஒவ்வொரு வார்த்தையா, நிதானமாத் திட்டுங்க. நான் லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.